மனசு கேட்கவில்லை என்றேன்

2002 மார்ச் மாதம், பிளஸ் டூ பயாலஜி தேர்வுக்கு முந்தைய இரவு, என் தோழியிடம் ஓர் உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவள் தேர்வைச் சரியாக எழுதக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அப்படியே நடந்தது.

இதை இப்படி நேராகச் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் எனக்கு நானே வேறு பல விதமாகச் சொல்லிக்கொண்டேன். வயசுக் கோளாறு என்றேன். விடுதியின் கெடுபிடி, மார்க் வெறி, தூக்கம் கெட்ட மூளை என்று பழியைப் பலருக்குப் பங்கு போட்டேன். அந்த விடுதியில் அத்தனை பெண்களும் அதே கெடுபிடியில்தான் இருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்களில் யாரும் நான் செய்ததைச் செய்யவில்லை.

பள்ளி நாமக்கல் மாவட்டத்தில் இருந்தது. கோழிப் பண்ணைக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும் பேர்போன வட்டாரம். விடுதிப் பள்ளியும் அங்கே ஒரு தொழிலாக வளர்ந்திருந்தது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருடமும் உருப்போட வைப்பார்கள். விடிகாலை நாலரைக்கு மணி அடிக்கும். பக்கெட்டை வரிசையில் போட்டுவிட்டு, கையில் புத்தகத்தோடு நிற்போம். ராத்திரி பத்தரை வரை ஸ்டடி. தினமும் ஸ்லிப் டெஸ்ட். வாரக் கடைசியில் ரேங்க் பட்டியலை மெஸ் வாசலில் ஒட்டுவார்கள். சாப்பிடப் போகிறவள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் ஈரோட்டிலிருந்து போனவள். பத்தாம் வகுப்பில் என் பள்ளியில் நான்தான் முதல். அப்பாவுக்கு ஜவுளிக் கடை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னை டாக்டர் என்றே சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது. முதலிடம் என்னுடைய சொத்து என்று நினைத்தேன்.

அவள் திருச்செங்கோடு பக்கத்துக் கிராமத்துப் பெண். அவளுடைய அப்பா போர்வெல் போடும் வண்டியில் வேலை செய்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எந்த மாநிலத்துக்கும் போகும். வண்டிக்குப் போனவர் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து நல்ல மார்க் வாங்கியதால், பாதிக் கட்டணத்தில் இங்கே சேர்த்துக்கொண்டார்கள். வந்த புதிதில் இங்கிலீஷில் பாடம் நடத்தினால் அவளுக்கு ஒன்றும் புரியாது. இரவில் என் கட்டிலுக்கு வந்து உட்காருவாள். ஒவ்வொரு வரியாக நான் தமிழில் சொல்லுவேன். அவள் எனக்குத் தலை வாரி ரெட்டை ஜடை பின்னிவிடுவாள். வீட்டிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டிலை என் பெட்டியில்தான் வைப்பாள். விடுதியில் எங்களை இரட்டையர் என்பார்கள்.

அவள் எனக்குக் கீழே இருந்தவரை அவள்மேல் உயிரையே வைத்திருந்தேன். இதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. அவளுக்கு உதவியபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் உயரத்தில் நிற்பவளின் சந்தோஷம்.

பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு அவள் என்னைத் தாண்டினாள். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை, பிறகு எப்போதும். பயாலஜியில் அவளைத் தொட முடியாது. நெஃப்ரான் படத்தை அழிக்காமல், ஒரே இழுப்பில் போடுவாள். அதைப் பார்த்து மிஸ் அவளுடைய நோட்டை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார். என் கைக்கு வந்தபோது நான் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே அடுத்தவளிடம் தள்ளினேன். மெஸ் வாசலில் பட்டியல் ஒட்டியதும் முதலில் ஓடிவந்து என் கையைப் பிடிப்பவள் அவள்தான். "ரெண்டு மார்க்குதான் புள்ள, அடுத்த வாரம் நீ வந்துருவ" என்பாள். உண்மையாகவே சொல்லுவாள். அந்த உண்மைதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கர்வப்பட்டிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சின்னச் சின்னதாக ஆரம்பித்தேன். நாலு மணிக்கு எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படுப்பாள். எழுப்ப மாட்டேன். அசந்துவிட்டேன் என்பேன். அவளுடைய இங்கிலீஷ் உச்சரிப்பை மற்ற பெண்களிடம் நடித்துக் காட்டினேன். அவள் உள்ளே வந்தபோது எல்லாரும் சிரிப்பை அடக்கினார்கள். என்ன ஏது என்று கேட்காமல் அவளும் சிரித்தாள். அன்றே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

தேர்வுக்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். ஞாயிறுதான் பெற்றோர் வரும் நாள். வேப்ப மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் துணி துவைக்கப் போயிருந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார். உதடு துடித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"கண்ணு, அவங்கப்பனுக்கு ராய்ப்பூர் பக்கம் அடிபட்டுப்போச்சு. ராடு நழுவிக் கால்மேல விழுந்துருச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல. எந்தம்பி கூட இருக்கறான். பரிச்ச முடியற வரைக்கும் இவளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு. வேற ஆரு மூலமாச்சும் தெரிஞ்சாலும் தெரிஞ்சுரும். நீ பாத்துக்க. உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்."

சரிங்கம்மா என்றேன். அப்போது உண்மையாகவே காப்பாற்றத்தான் நினைத்தேன். அதை நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. நானே முழுக்க நம்புவதில்லை.

அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தயிர்சாதத்தைப் பிசைந்து உருண்டை பிடித்து எங்கள் இருவர் கையிலும் மாறி மாறி வைத்தார். அப்பா எப்போது வருவார் என்று அவள் கேட்டாள். வண்டி இன்னும் உள்ளே போயிருக்கிறது, சித்திரைக்கு வந்துவிடுவார் என்றார். கை நடுங்கவில்லை. குரல் பிசகவில்லை. புருஷன் கால் போய்ப் படுத்திருக்க, ஒரு மணி நேரம் மகள் எதிரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இங்கே ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். அப்போது மருத்துவச் சேர்க்கைக்குக் கட்-ஆஃப் 300க்கு. பயாலஜிக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது, 2007இல் போய்விட்டது. பயாலஜியின் 200 மார்க்கை நூறாக்குவார்கள். ஆகவே அதில் இரண்டு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும். ஒரு மார்க்குக்குள்ளேயே பெரிய கூட்டம் நிற்கும். விடுதியில் இந்தக் கணக்கு தெரியாத பெண் கிடையாது. பயாலஜிக்கு முந்தின இரவு ஒருத்தியைக் கலைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த இரவு ஒன்பது மணிக்கே அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். எல்லாப் பாடத்தையும் இரண்டு முறை திருப்பிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு மரபியல் பகுதியில் கால்வாசி பாக்கி. பயத்தில் வயிறு பிசைந்தது. எழுத்து கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "வா, நான் சொல்றேன்" என்று வராந்தா படிக்குக் கூட்டிப்போனாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். முன்பு நான் அவளுக்குச் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு வரியாக, தமிழில். எனக்குப் புரிந்தது. மறுநாள் அதிலிருந்து கேள்வி வந்தது, எழுதினேன்.

சொல்லி முடித்துவிட்டு அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நாம ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல சேரணும் புள்ள" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன்.

அந்த நொடியில் எனக்குள் என்ன இருந்தது என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கோபம் இல்லை. ஆத்திரம் இல்லை. அவள் ஜெயிக்கப்போகிறாள் என்ற ஒரு நிச்சயம் இருந்தது. அதைத் தடுக்க என் கையில் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் பயம் குறைந்தது. வாயைத் திறந்தபோது என் குரல் இதமாகவே இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு மறைக்கிறேன். மனசு கேக்கல" என்றேன்.

மனசு கேட்கவில்லை என்றது பொய். மற்றதெல்லாம் உண்மை. ராய்ப்பூர், ராடு, முட்டிக்குக் கீழே. ஒன்றைக்கூட விடவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்பதைக் கடைசியில் சொன்னேன். முதலில் சொல்லியிருக்கலாம்.

அவள் உடனே அழவில்லை. தலையை எடுத்து என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும், ஞாயிற்றுக்கிழமை வந்தபோதே தெரியும் என்றேன். அவள் முகம் மாறியது. அந்த அம்மா சிரித்தது, உருண்டை பிடித்துக் கொடுத்தது எல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "எங்கிட்டச் சிரிச்சுட்டுப் போச்சே" என்றாள். அம்மா என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டார் என்பதை நான் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, யாரோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது என்றேன். அது இரண்டாவது பொய்.

வீட்டுக்குப் பேச வேண்டும் என்றாள். போன் வார்டன் அறையில், அறை பூட்டியிருந்தது. அவர்கள் வீட்டில் போனும் இல்லை. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போட்டு ஆளை அனுப்பிக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் முடியாது. நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவளால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. அழுவதைத் தவிர.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் தூக்கம் வந்தது. போய்ப் படுத்துத் தூங்கினேன். நாலரை மணி அடித்தபோது அவள் அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

தேர்வு அறையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவள். எப்போதும் அடிஷனல் ஷீட்டுக்கு முதலில் கை தூக்குகிறவள். அன்று தூக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு வேகமாக எழுதினேன். என் மனம் லேசாக இருந்தது.

எனக்கு 193. அவளுக்கு 158. மற்ற பாடங்களில் எல்லாம் என்னைவிட அதிகம். பிறகு வந்த நுழைவுத் தேர்வையும், காலில்லாமல் வந்து சேர்ந்த அப்பாவைக் கவனித்துக்கொண்டேதான் எழுதினாள். எனக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்போது இம்ப்ரூவ்மெண்ட் எழுத வழி இருந்தது. ஒரு வருடம் சும்மா இருந்து படிக்க அந்த வீட்டில் வசதி இல்லை. அப்பாவின் வருமானம் நின்றுவிட்டது. தம்பி பள்ளியில் இருந்தான். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். சீக்கிரம் சம்பளம் வரும் என்பதுதான் காரணம். இன்று ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை.

நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்குள் நான் பல வருடம் ஒளிந்திருந்தேன். பதில் எதுவானாலும் நான் செய்த காரியத்தில் குறைவதற்கு ஒன்றுமில்லை. ஆசிரியை வேலை தாழ்ந்ததா என்றும் ஒளிந்து பார்த்தேன். தாழ்ந்ததில்லை. ஆனால் அவள் விரும்பியது அதை அல்ல.

அவளுடைய இழப்பில் இது பாதிதான். மறு பாதி எனக்கு வெகு நாள் தெரியாது.

ரிசல்ட் வந்த பிறகு எனக்கு ஒரு கடிதம் போட்டாள். எல்லாரும் என்னிடம் மறைத்தார்கள், நீ மட்டும்தான் என்னை மனுஷியாக மதித்துச் சொன்னாய் என்ற மாதிரி எழுதியிருந்தாள். எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் மறுக்கவில்லை. பதில் எழுதினேன். தோழிக்குத் தோழி செய்கிற கடமை என்று எழுதினேன். இருபது வருடமும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அவள் கல்யாணத்தில் மணமேடையில் பக்கத்தில் நின்றேன். அவளுடைய குழந்தைகளுக்கு நான் பெரியம்மா. யாரிடம் அறிமுகப்படுத்தினாலும், எங்கிட்டப் பொய்யே பேசாதவ என்றுதான் சொல்லுவாள்.

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். விஷயத்தை என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார். முதல் வருடக் கல்லூரி விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அவளுடைய அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தை ஒரு முறை நேராகப் பார்த்தார். பிறகு, "சாப்ட்டுட்டுப் போ கண்ணு" என்றார். அவ்வளவுதான். அன்றும் கேட்கவில்லை, என்றைக்கும் கேட்கவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. இருந்த ஒரே சிநேகிதத்தையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்று அந்த வீட்டுச் சாதத்தைச் சாப்பிட்டேன்.

இன்று நான் மருத்துவர். ஒருவருக்குக் கெட்ட செய்தியை எப்போது, யார் வாயால், எந்த வரிசையில் சொல்வது என்பது என் அன்றாட வேலை. உயிருக்கு ஆபத்தில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லும்படி இளைய மருத்துவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அதை எங்கே கற்றேன் என்று அவர்கள் கேட்டதில்லை.

போன வருடம் அந்த அம்மா இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். இனிமேல் இது யாருக்கும் தெரியாது என்ற எண்ணம்தான், பிணத்தின் எதிரில் நின்றபோது முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. என்னை நானே ஏமாற்ற முடியாமல் போனது அந்த வரிசையைப் பார்த்துத்தான்.

துக்க வீட்டிலேயே கொட்டிவிடத் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால், என் பாரம் குறைய இரண்டாம் முறையும் அவள் தலையில் போட்டிருப்பேன். சில மாதம் பொறுத்து, பள்ளி விடுமுறையில் போய்ச் சொன்னேன். படியில் உட்கார்ந்து அவள் சொல்லித்தந்தது, நான் கணக்குப் போட்டது, தூங்கினது, பெஞ்சில் லேசாக உணர்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெடிக்கல் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்கம்மா உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"நீதான் சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். அந்த வருடம் ஆறு மாதம் அம்மாவோடு அவள் பேசவே இல்லையாம். அதற்குப் பிறகும் அம்மா எதைச் சொன்னாலும், நீ மறைக்கறவதானே என்று கேட்பாளாம். கல்யாணப் பேச்சிலும் கேட்டாளாம். கடைசியாக ஆஸ்பத்திரியில், எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, நீ ஊட்டுக்குப் போ என்று அம்மா சொன்னபோதும் அதையே கேட்டாளாம். ஒரு முறைகூட அந்த அம்மா என் பெயரைச் சொல்லவில்லை.

"இத்தன வருசமும் எங்கம்மாவ நான் நம்பல. உன்னத்தான் நம்புனேன்" என்றாள்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்பது நியாயம் என்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அழைப்பதில்லை. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நான் அழைத்தால் அவளுடைய கணவர் எடுக்கிறார். மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறார்.

இதை எழுதலாமா என்று அவளுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டேன். ஒரு தபால் அட்டையில் பதில் வந்தது. என் பெயர் வேண்டாம், எழுதிக்கொள், ஆனால் அன்று வேப்ப மரத்தடியில் அம்மா உன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் போடு என்று கேட்டிருந்தாள். அந்த அம்மாவின் பேச்சை எனக்கு நினைவிருக்கிற மட்டும் மாற்றாமல் மேலே எழுதியிருக்கிறேன்.